எல்லைக்கோட்டில் ஒரு சாக்ஸ்

சலூன்காரரின் சாக்ஸை அவருடைய நாய் விழுங்கிவிட்டது என்ற செய்தி தெருவில் பரவியபோது யாரும் நாயைக் குறை சொல்லவில்லை. அதன் துணிச்சலைத்தான் பேசிக்கொண்டார்கள். நாள் முழுக்க நின்றபடி முடி வெட்டுகிற மனிதர் அவர். குதிகால் இரண்டும் வெடித்துக் கிடக்கும். அதில் களிம்பு தடவி, மேலே தடித்த சாக்ஸை மாட்டி அனுப்புவது மனைவியின் வேலை. சாயங்காலம் அவர் வந்து அதைக் கழற்றும்போது ஓடிப்போய் ஜன்னலைத் திறப்பதும் அவள் வேலைதான். அந்த வாசனையை மனதார விரும்பிய ஜீவன் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"உங்க சாக்ஸைத் தோய்க்கறதுக்கே நான் மூக்கை மூடிக்கிறேன். அது வாயைத் திறந்திருக்கு பாருங்க. பாசம்னா இதுதாங்க," என்றாள் மனைவி. சொல்லும்போது சிரித்தாளே தவிர, அவள் கண் நாயின் வயிற்றை விட்டு நகரவில்லை.

நாயின் பெயர் மேனேஜர். மகள் ஏதோ நாகரிகமான பெயர்தான் வைத்திருந்தாள். ஆனால் அது கடை வாசலில் படுத்துக்கொண்டு, உள்ளே வருகிறவர்களைத் தலை தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேறு ஒரு துரும்பையும் அசைக்காமல் மறுபடி படுத்துக்கொள்ளும். அதைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர் "என்ன, மேனேஜர் பிஸியா?" என்று கேட்டார். அன்றோடு பழைய பெயர் போயிற்று. மகள் வேலை கிடைத்து வெளியூர் கிளம்பியபோது, "அப்பா, இவனை உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று கண் கலங்கினாள். நாய்க்கெல்லாம் நம்பிக்கையா என்று அவர் முனகினார். ஆனால் அதற்கப்புறம் நிலைமை வேறு. வீட்டில் மனைவி பேசுவாள், அவர் கேட்பார். கடையில் அவர் பேசுவார், மேனேஜர் கேட்பான். அந்த ஏற்பாடு இல்லாமல் அவரால் ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது என்பதை மேனேஜர் சாப்பாட்டை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட காலையில்தான் உணர்ந்தார்.

பக்கத்துத் தெரு கால்நடை டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "உள்ள இருக்கு. வெளிய வரலைன்னா வயித்தைத் திறந்துதான் எடுக்கணும். அதுக்கு எங்கிட்ட வசதி இல்லை. உயர் ஆய்வு நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. பெரிய பெரிய ஆளுங்க இருக்காங்க. ஆனா..."

"ஆனா என்ன சார்?"

"ஒண்ணுமில்லை. போய்ட்டு வாங்க."

அந்த 'ஆனா'வை அப்போதே நின்று விசாரித்திருக்க வேண்டும். அவசரத்தில் விட்டுவிட்டார்.

நாய், பூனைகளின் நோய்களையும் அவற்றுக்கான அறுவை சிகிச்சைகளையும் ஆராய்வதற்கென்றே கட்டப்பட்டது அந்த நிலையம். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு நாயும் பூனையும் சிமெண்ட்டில் நின்றன. உள்ளே நுழைந்ததும் நடைபாதையின் நட்டநடுவில் தரையிலும் சுவரிலும் கூரையிலும் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் முன்துறை, அந்தப் பக்கம் பின்துறை.

எக்ஸ்ரே எடுத்தவர்தான் அந்தக் கட்டடத்தில் முதலும் கடைசியுமாக நாயைப் பற்றிப் பேசிய ஆள். படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். "இதோ பாருங்க, சுருண்டு கிடக்கு. இப்ப இரைப்பையிலதான் இருக்கு. கீழ இறங்கிக் குடல்ல அடைச்சுக்கிட்டா உயிருக்கே ஆபத்து. சீக்கிரம் எடுத்துடணும்."

"யாரு எடுப்பாங்க?"

எக்ஸ்ரேக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதுலதாங்க சிக்கல்."

சிக்கலின் வரலாறு இதுதான். ஒரு காலத்தில் அங்கே இரண்டு மூத்த டாக்டர்கள் இருந்தார்கள், தலைவர் நாற்காலி ஒன்றுதான் இருந்தது. மனத்தாங்கல் வேண்டாமே என்று நிர்வாகம் இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டது. நாற்காலி வந்த பிறகு அதற்கு ஒரு துறை வேண்டுமே? நாயை இரண்டாகப் பிரித்தார்கள். மூக்கிலிருந்து கடைசி விலா எலும்பு வரை முன்துறை. அங்கிருந்து வால் நுனி வரை பின்துறை. பூனைக்கும் அதே விதிதான் என்றாலும், பூனை சுருண்டு படுத்தால் மூக்கும் வாலும் ஒரே துறைக்குள் வந்து நிர்வாகக் குழப்பம் ஏற்பட்டது. அதனால் பூனைகளை நீட்டிப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே கொண்டுவர வேண்டும் என்று அறிவிப்புப் பலகை வைத்திருந்தார்கள். பலகையைப் படிக்காத பூனைகளால் பலருக்குக் கையில் கீறல்.

முன்துறைத் தலைவர் ஒல்லியானவர். படத்தை வாங்கி, நெஞ்சுப் பகுதி மட்டும் தெரியும்படி மீதியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார்.

"அருமையான இதயம். நுரையீரல் பளிச்சுன்னு இருக்கு. உங்க நாய் ஆரோக்கியமா இருக்கு, கூட்டிட்டுப் போங்க."

"சார், கையை எடுத்துட்டுப் பாருங்க. சாக்ஸ் தெரியும்."

"இரைப்பைங்கறது வயிறு. வயிறு பின்துறை. நான் இந்தத் துறைக்கு வந்த நாளா நாயோட பின்பக்கத்தைப் பாத்ததே கிடையாது. வால்னு ஒண்ணு இருக்கறதாக் கேள்விப்பட்டிருக்கேன். ஆட்டும்னு சொல்றாங்க."

பின்துறைத் தலைவி கண்ணாடி போட்ட அம்மா. அவர் படத்தில் ஒரு ஸ்கேலை வைத்து அளந்தார். "கடைசி விலா எலும்புக்கு உள்பக்கமால்ல கிடக்கு? இது முன்துறையோட அந்நியப் பொருள்."

"அந்நியம் இல்லீங்கம்மா. என்னோடதுதான்."

"யாரோடதா இருந்தாலும் எல்லை எல்லைதான். அடுத்தவங்க இடத்துல நான் கத்தி வைக்க மாட்டேன். நாளைக்கு அவரு என் வால்ல கை வைப்பாரு."

சலூன்காரர் சிவப்புக் கோட்டைத் தாண்டித் தாண்டி நடந்தார். கூடவே மேனேஜரும் நடந்தான். கோட்டின் மேல் நிற்கும்போது மட்டும் யாரும் அவர்களைப் பார்ப்பதில்லை.

அப்போதுதான் முன்துறைத் தலைவருக்கு ஒரு யோசனை உதித்தது. இரைப்பை காலியாக இருந்தால் சுருங்கி விலா எலும்புக்குள் ஒளிந்துகொள்ளும். நிரம்பினால் உப்பி, எல்லையைத் தாண்டிப் பின்பக்கம் வரும். இது எல்லா டாக்டருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இதை நிர்வாகத்துக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்த பெருமை அவரையே சேரும். உடனே மேனேஜரை உள்ளே சேர்த்துக்கொண்டு, வேகவைத்த கோழியும் முட்டையும் வரவழைத்தார். வீட்டில் எதையும் தொடாதவன், கோழியைப் பார்த்ததும் வயிற்றில் சாக்ஸ் இருப்பதையே மறந்தான். சாப்பிட்டு முடித்ததும் மறுபடி எக்ஸ்ரே. சாக்ஸ் எல்லையைக் கடந்திருந்தது. முன்துறைத் தலைவர் கை குலுக்கி நாயைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவைத்தார்.

பின்துறைத் தலைவி சளைத்தவரா? "சாப்பிட்ட வயித்தோட ஆபரேஷன் பண்ணக்கூடாது. பட்டினி போடுங்க," என்றார். பட்டினி போட்டார்கள். இரைப்பை சுருங்கியது. சாக்ஸ் விலா எலும்புக்குள் திரும்பிப்போனது. நாயும் கோட்டுக்கு இந்தப் பக்கம் திரும்பி வந்தது. இந்தப் பக்கம் வந்தால் விருந்து, அந்தப் பக்கம் போனால் பட்டினி. இடையிடையே எக்ஸ்ரேக்காரர் சலூன்காரரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

வெளியூரிலிருந்து மகளின் போன் வந்துகொண்டே இருந்தது. "ஆபரேஷன் ஆயிடுச்சாப்பா?"

"ஆகப்போகுதும்மா. ரெண்டு துறை சேர்ந்து பாத்துக்கறாங்க."

"ரெண்டு துறையா? பரவாயில்லையே!"

"அதாம்மா பிரச்சனை," என்று சொல்ல வாயெடுத்து, எதற்கு அவளைக் கலங்கடிப்பது என்று விழுங்கிக்கொண்டார். குடும்பத்தில் எல்லோரும் எதையோ விழுங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதற்கிடையில் இன்னொரு கொடுமை நடந்தது. ஆபரேஷனுக்கு முன் அந்த இடத்தில் முடியை மழிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே மேனேஜர் எந்தத் துறையின் கையில் சிக்குகிறானோ அந்தத் துறை தன் பங்கை மழித்தது. முன்துறை கழுத்திலிருந்து கடைசி விலா எலும்பு வரை. பின்துறை அங்கிருந்து வால் வரை. எல்லைக்கோடு யாருக்கும் சொந்தமில்லை என்பதால், நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு வளையம் முடி மட்டும் நாயைச் சுற்றிப் பெல்ட் போட்டது போல நின்றது.

சாக்ஸைக்கூடப் பொறுத்துக்கொண்ட சலூன்காரரால் இதைப் பொறுக்க முடியவில்லை. மனிதர் தரையில் உட்கார்ந்து நாயின் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"யாருங்க இது? மிஷினைத் தாறுமாறா ஓட்டியிருக்கீங்க. கழுத்துல படிக்கட்டு கட்டி வெச்சிருக்கீங்க. என் கடையில இப்படி ஒரு வேலை பண்ணா கண்ணாடியைத் திருப்பி வெச்சிடுவேன். போதும் சாமி, என் நாயைக் குடுங்க, வேற எங்கயாவது பாத்துக்கறேன்."

அதுவும் முடியவில்லை. ஆய்வில் சேர்ந்த பிராணி வெளியே போக வேண்டுமானால், அது எந்தத் துறையில் இருக்கிறதோ அந்தத் தலைவரின் உத்தரவு வேண்டும். கேட்டால் முன்துறை "இப்பதானே அந்தப் பக்கம் போச்சு" என்றது. பின்துறை "இப்பதானே இந்தப் பக்கம் வந்துச்சு" என்றது. வாசலில் தடி வைத்திருந்த காவலாளி மட்டும் தெளிவாக இருந்தார். "உத்தரவு இருந்தா யானையைக்கூட விடுவேன். இல்லைன்னா எறும்பைக்கூட விடமாட்டேன்."

வேறு வழியில்லாமல் சலூன்காரர் இயக்குநரைத் தேடிப் போனார். அவர் போன நேரம் பெரிய ஹாலில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இயக்குநர் தலை நிறைய முடியும் முகம் நிறையப் பெருமையும் உள்ளவர். பின்வரிசையில் உட்கார்ந்த சலூன்காரர், தொழில் பழக்கத்தில் முதலில் முடியைத்தான் கவனித்தார். காதுக்கு மேல் சரியில்லை.

"நண்பர்களே!" என்றார் இயக்குநர். "வெளியில பல பேர் நம்ம நிலையத்தை ஆஸ்பத்திரின்னு நினைக்கறாங்க. இது எனக்கு ரொம்ப வருத்தம். ஆஸ்பத்திரி நோயைத் தீர்க்கற இடம். எல்லா நோயையும் தீர்த்துட்டா அப்புறம் நாம எதை ஆராய்ச்சி பண்றது? நாம நோயைத் தீர்க்கறவங்க இல்லை, நோயைக் காப்பாத்தறவங்க!"

கைதட்டல் எழுந்தது. சலூன்காரரும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தட்டிவைத்தார்.

"இந்தக் கட்டடத்துல இதுவரைக்கும் ஒரு ஆபரேஷன்கூடத் தோத்துப் போனதில்லை. என்ன காரணம்? அவசரப்பட்டு நாம ஒண்ணைக்கூடச் செஞ்சதில்லை. ஆனா இப்ப ஒரு பொன்னான வாய்ப்பு. நம்ம நிலையத்துல பன்னாட்டு மாநாடு நடக்கப்போகுது. உலகத்து நிபுணர்கள் கண் முன்னாடி, ஒரு நாயோட வயித்துலேர்ந்து ஒரு காலுறையை எடுத்துக் காட்டப்போறோம். அழைப்பிதழ் அச்சாயிடுச்சு. நோயாளி மேனேஜர்!"

முன்துறைத் தலைவர் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். "காலுறை வாய் வழியாத்தான் போச்சு. வாய் என்னோடது. இது என் கேஸ்!"

"போன வழியா முக்கியம்? போய்ச் சேர்ந்த இடம் வயிறு," என்று பின்துறைத் தலைவியும் எழுந்தார். "நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்றேன், இது என் காலுறை!"

சலூன்காரர் தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

அன்று முதல் எல்லாம் தலைகீழானது. இப்போது முன்துறை பட்டினி போட்டது, சாக்ஸ் தங்கள் பக்கம் வர வேண்டும் என்பதற்காக. பின்துறை விருந்து வைத்தது, தங்கள் பக்கம் வர வேண்டும் என்பதற்காக. மேனேஜருக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பக்கம்தான் மாறியிருந்தது. இரண்டு துறையினரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அவனைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள்.

மாநாட்டுக்கு முந்தைய நாள் காலையில் சலூன்காரர் வந்தபோது மேனேஜர் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தான். நீண்ட பட்டினிக்குப் பிறகு பின்துறை போட்ட பெரிய விருந்தை அப்போதுதான் முடித்திருந்தான். முன்கால்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம், பின்கால்கள் அந்தப் பக்கம். எஜமானைப் பார்த்து வாலை ஆட்டினான். பிறகு ஆட்டுவதை நிறுத்தினான். கழுத்து நீண்டது, வயிறு உள்ளே போய் வெளியே வந்தது, அந்த ஒற்றை முடி வளையம் ஏறி இறங்கியது. ஒரு பெரிய சத்தத்தோடு கோழி, முட்டை எல்லாவற்றுக்கும் பின்னால் சாக்ஸ் வந்து சிவப்புக் கோட்டின் மேல் விழுந்தது.

எக்ஸ்ரேக்காரர் ஓடிவந்து படம் எடுத்தார். "வயிறு சுத்தமா இருக்குங்க. பிழைச்சான்," என்றார்.

சலூன்காரர் நாயைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுகிறோமே என்ற வெட்கம் அவருக்கு இல்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மனைவிக்குப் போனில் சொல்லிவிட்டு, இயக்குநர் அறைக்கு ஓடினார். இரண்டு துறைத் தலைவர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

"சார், சாக்ஸ் வந்துடுச்சு! நாய் குணமாயிடுச்சு சார்!"

இயக்குநர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"பதறாதீங்க," என்றார். "சரி பண்ணிடலாம்."

"இல்லை சார், சரியாயிடுச்சு."

"இதை வெளியில யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"என் பொண்டாட்டிகிட்ட போன்ல சொன்னேன்."

"அவங்க நிபுணரா?"

"சமையல்ல நிபுணி சார்."

"அப்ப பரவாயில்லை." இயக்குநர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பாருங்க, உங்க நாய் தன்னிச்சையாக் குணமாயிருக்கு. அது அதோட சொந்த முயற்சி. நிலையம் அதுக்குப் பொறுப்பேத்துக்க முடியாது. அழைப்பிதழ்ல ஆபரேஷன்னு போட்டிருக்கு. நாளைக்கு நடந்தே ஆகணும்."

"வயித்துலதான் ஒண்ணுமே இல்லையே சார். எதுக்கு வெட்டணும்?"

"ஒண்ணுமே இல்லைங்கறதை உலகத்துக்கு எப்படிக் காட்டறது? திறந்தாத்தானே தெரியும்?"

சலூன்காரர் ஓர் அடி பின்வாங்கினார். இத்தனை நாளும் என் நாயை வெட்டுங்கள், வெட்டுங்கள் என்று கெஞ்சினார். அப்போது ஒருவரும் கத்தியைத் தொடவில்லை. இப்போது வேண்டாம் என்கிறார், இரண்டு பேரும் கத்தியைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"வெறும் வயித்தைத் திறந்து காட்டினா நல்லா இருக்காது," என்றார் முன்துறைத் தலைவர் யோசனையோடு. "நோயை முதல்ல பழைய நிலைமைக்குக் கொண்டுவரணும். காலுறையைத் திரும்ப விழுங்க வெச்சா என்ன?"

வரலாற்றில் முதல்முறையாகப் பின்துறைத் தலைவி அவரோடு ஒத்துப்போனார். "நல்ல யோசனை. ஏற்கெனவே ஒருதரம் ஒத்துழைச்ச நாய்தானே?"

சாக்ஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. கிருமிநாசினியில் ஊறவைத்து, சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, வெள்ளித் தட்டில் வைத்து மேனேஜர் முன்னால் நீட்டினார்கள். அவன் ஒருமுறை மோந்தான். இரண்டு துறைத் தலைவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தும்மிவிட்டு, கடை வாசலில் படுப்பது போலப் படுத்துக்கொண்டான். கோழிக்குழம்பில் முக்கிக் கொடுத்தார்கள். குழம்பை மட்டும் நக்கிவிட்டுச் சாக்ஸைத் தட்டிலேயே வைத்தான்.

"ஈர்ப்புச் சக்தி போயிடுச்சு," என்றார் பின்துறைத் தலைவி, சாக்ஸைத் தானே மோந்துபார்த்து. இயக்குநரும் மோந்தார். முன்துறைத் தலைவரும் மோந்தார். மூன்று பேரும் சலூன்காரரைப் பார்த்தார்கள்.

"அது என் கால் வாசனைங்க," என்றார் அவர் சங்கடத்தோடு. "தோய்ச்சா போயிடும். மறுபடி போட்டுக்கிட்டு நல்லா நடந்தாத்தான் ஏறும்."

உள்ளதைத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. மெதுவாக மேனேஜரைப் பார்த்தார். அவனும் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"எவ்வளவு நடக்கணும்?" என்று கேட்டார் இயக்குநர்.

"அது சொல்ல முடியாது சார். வெயில்ல நடக்கணும். நாயும் கூடவே வந்தா நல்லது. வாசனை ஏறிடுச்சான்னு அதுக்குத்தான் தெரியும், நமக்குத் தெரியாது."

"அறிவியல்பூர்வமா இருக்கு," என்று இயக்குநர் இரண்டு துறைத் தலைவர்களையும் பார்த்தார். "இவ்வளவு நாளா நம்மள்ல ஒருத்தருக்கும் இது தோணலையே." உடனே ஒரு தாளை எடுத்து உத்தரவு எழுதினார்: 'இவர் வாசனை ஏறும்வரை நடப்பார். நாய் உடன் செல்லும். ஆராய்ச்சிப் பணி. எவரும் தடுக்கக் கூடாது.' கையெழுத்துப் போட்டார். மாநாட்டுப் பயத்தில் இரண்டு துறைத் தலைவர்களும் பக்கத்தில் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

சலூன்காரர் சாக்ஸை மாட்டிக்கொண்டார். ஒன்றுதான் இருந்தது, அதனால் ஒரு காலில் மட்டும். முதலில் கட்டடத்தைச் சுற்றி நடந்தார். ஜன்னலிலிருந்து இயக்குநர் ஊக்கமாகக் கையசைத்தார். சிமெண்ட் நாயையும் சிமெண்ட் பூனையையும் சுற்றி நடந்தார். அப்படியே கேட்டை நோக்கி நடந்தார். மேனேஜர் அவருடைய குதிகாலில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தான்.

காவலாளி தடியைக் குறுக்கே நீட்டினார். "நாயைக் கூட்டிட்டு எங்க போறீங்க?"

"நான் கூட்டிட்டுப் போகலைங்க. நான் ஆராய்ச்சிக்கு நடக்கறேன். அவன் ஆராய்ச்சிக்கு மோப்பம் பிடிக்கறான்." தாளை நீட்டினார்.

காவலாளி நிதானமாகப் படித்தார். கீழே மூன்று கையெழுத்தையும் பார்த்தவர் ஆடிப்போய்விட்டார். "ரெண்டு துறையும் ஒரே தாள்லயா? என் சர்வீஸ்ல பாத்ததில்லைங்க!" விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். பிறகு மூக்கைச் சுளித்துக்கொண்டு, "லேசா ஏற ஆரம்பிச்சிருக்குன்னு நினைக்கறேன்," என்றார்.

"இன்னும் போகணும்ங்க," என்று சலூன்காரர் நடையை எட்டிப்போட்டார். தெருத் திரும்பியதும் இருவரும் ஓடினார்கள்.

வாசலில் நின்ற மனைவி, முன்னும் பின்னும் மொட்டையாக நடுவில் பெல்ட் போட்டு வந்த நாயைப் பார்த்தாள். சிரிப்பு பாதி, அழுகை பாதியாகக் குனிந்து அதன் முகத்தைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். "இனிமே உங்க சாக்ஸை நானே பூட்டி வெக்கறேன்," என்றாள். கொஞ்ச நேரத்தில் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். சலூன்காரர் போனை மேனேஜரின் மூஞ்சிக்கு மிக அருகில் பிடித்தார்.

"ஏன்ப்பா மூஞ்சியை மட்டும் காட்டறீங்க? முழுசாக் காட்டுங்க."

"மீதி வேற துறைம்மா," என்றார் அவர். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அன்று வாய்விட்டுச் சிரித்தார்.

மாநாடு சிறப்பாக நடந்ததாகப் பேப்பரில் வந்தது. மேஜையில் நாய் இல்லை, தட்டில் காலுறை இல்லை. ஆனாலும் ஆபரேஷன் தோற்கவில்லை என்றும், நிலையத்தின் பெயருக்கு வழக்கம்போல ஒரு களங்கமும் இல்லை என்றும் இயக்குநர் பேசியிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு நாள், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இயக்குநர்! மேனேஜர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். சலூன்காரருக்குத்தான் கை கால் ஓடவில்லை. நாயைப் பிடித்துப் போக வந்துவிட்டாரோ?

"அந்த ஆராய்ச்சி எந்த நிலையில இருக்கு?" என்று கேட்டார் இயக்குநர்.

"நடந்துக்கிட்டே இருக்கேன் சார். ஏறிக்கிட்டே இருக்கு."

"அவசரம் வேண்டாம். நல்ல ஆராய்ச்சிக்கு முடிவே இருக்கக்கூடாது." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "வந்ததே வந்தேன், முடியைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணிடுங்க."

சலூன்காரருக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. துணியை உதறிக் கழுத்தில் கட்டினார். தண்ணீர் தெளித்தார். நெற்றிப் பக்கமும் உச்சியும் அவர் வாழ்நாளில் வெட்டாத அழகோடு வெட்டினார். காதுக்கு அருகில் வந்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். துணியை அவிழ்த்தார்.

"முடிஞ்சுது சார்."

இயக்குநர் கையைப் பின்னந்தலைக்குக் கொண்டுபோய்த் தடவினார். "பின்பக்கம்?"

"அது என் துறை இல்லைங்க சார். பின்பக்கத்துக்கு அடுத்த தெருவுல வேற கடை இருக்கு."

சொல்லிவிட்டுச் சலூன்காரர் பயத்தோடு கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடிக்குள் இயக்குநரின் முகம் மெதுவாக மலர்ந்தது.

"அடடா! உங்க தொழில்லயும் துறை பிரிச்சுட்டீங்களா? ரொம்ப சந்தோஷம். இவ்வளவு நாளா இந்த ஒழுங்கு இல்லாமதான் நாடே கெட்டுப் போச்சு." எழுந்து வாசல் வரை போனவர், ஏதோ தோன்றித் திரும்பினார். "ஒரு சந்தேகம். காது மேல இருக்கற முடி யாரோடது?"

"அதுதாங்க சார் எல்லை. அதுல யாரும் கை வைக்கறதில்லை."

"வைக்கவும் கூடாது," என்றார் இயக்குநர் கண்டிப்பாக. இரண்டு காதுகளின் மேலும் கற்றையாக நின்ற முடியை இரண்டு கைகளாலும் பயபக்தியோடு தொட்டுப் பார்த்துக்கொண்டார். காரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, முன்பக்கம் பளபளக்க, பின்பக்கம் காடாக, அடுத்த தெருவை நோக்கி நிமிர்ந்து நடந்தார். மேனேஜர் எழுந்து, நடுவில் பெல்ட் போட்ட உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டு, தெருமுனை வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்தான்.